எஸ்.டி.பி-யில் முதல் மாதம்: புது ஆபரேட்டருக்கு ஒரு வழிகாட்டி

நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறவருக்கு முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்தும் ஒரு பதிவேடும்தான். பேனலில் எந்தப் பொத்தான் எதை ஓட்டும் என்பதை ஒரே ஷிப்டில் படித்துவிடலாம். அதற்கப்புறம்தான் வேலை இருக்கிறது. காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் சுழலும் பழுப்புக் கசடு, கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களின் உயிருள்ள மந்தை. அதற்குத் தீனி ஊர் போடுகிறது, அதில் உங்கள் சொல் எடுபடாது. உங்கள் கையில் இருப்பவை இரண்டு: எவ்வளவு காற்று விடுவது, தினமும் எவ்வளவு கசடை வெளியே எடுப்பது. இரண்டாவதில்தான் முக்கால்வாசி நிலையங்கள் தடுமாறுகின்றன.

இங்கே சொல்லப்படுவது நடுத்தர ஊர்களில் பரவலாக இருக்கும் எக்ஸ்டெண்டெட் ஏரேஷன் (நீண்ட நேரம் காற்றூட்டும்) வகை நிலையத்துக்கானது: சல்லடை, மணல் தொட்டி, ஏரேஷன் தொட்டி, கசடு படிந்து நீர் தெளியும் கிளாரிஃபையர், குளோரின் தொட்டி, கசடு உலர்த்தும் களம். எஸ்.பி.ஆர் நிலையத்தில் காற்றும் படிவும் ஒரே தொட்டியில் மாறி மாறி நடக்கும். அங்கும் கசடுக் கணக்கு இதேதான்.

முதலில் உயிர்

கிணறு, மேன்ஹோல், பம்ப் குழி எதிலும் ஆள் இறங்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். இறக்கியவர் ஒப்பந்ததாரராக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும் விலக்கு இல்லை. அடைப்பு என்றால் ஜெட்டிங் லாரி, பம்ப் கோளாறு என்றால் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்துப் பழுது பார்ப்பது. சப்மெர்சிபிள் பம்புக்கு வழிகாட்டிக் கம்பி வைத்திருப்பதே இதற்காகத்தான்.

குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வரை எச்சரிக்கை கொடுக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போது வாடை இல்லை, இறங்கலாம்’ என்று சொன்னவர்கள்தான் இறந்திருக்கிறார்கள். முதலில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவர்களும் அப்படித்தான். நான்கு வாயுக்களைக் காட்டும் மீட்டர் நிலையத்தில் இல்லையென்றால், சேர்ந்த முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள்.

ஏரேஷன் தொட்டிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. காற்றுக் குமிழி நிறைந்த தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் மிதப்பது கடினம். கைப்பிடிக் கம்பி துருப்பிடித்த இடத்தைக் கண்டால் அன்றே கயிறு கட்டுங்கள். மிதவை வளையம் ஸ்டோர் ரூமில் இருந்து பயனில்லை, தொட்டி ஓரத்தில் தொங்க வேண்டும்.

ஊர் எவ்வளவு அனுப்புகிறது

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று வைத்து வடிவமைக்கிறார்கள். அதாவது 108 லிட்டர். ஒரு லட்சம் பேர் உள்ள ஊருக்கு 10.8 எம்.எல்.டி, அதாவது நாளொன்றுக்கு 108 லட்சம் லிட்டர். கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் பி.ஓ.டி, தீனியின் அளவுகோல். ஆளுக்கு 27 கிராம் பி.ஓ.டி என்று எடுத்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரும்.

நடப்பில் இந்தக் கணக்கு அப்படியே வராது. வீட்டு இணைப்பு முழுவதும் கொடுக்கப்பட்டிருக்காது. பல வீடுகளில் செப்டிக் டேங்க் வழியாகவே குழாய்க்கு வரும், பாதித் தீனி அங்கேயே தங்கிவிடும். 8 எம்.எல்.டி-க்குக் கட்டிய நிலையத்துக்கு 5 எம்.எல்.டி, அதுவும் 200 மில்லிகிராம் பி.ஓ.டி-யோடு வருவது சாதாரணம். இந்த எண்களையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: ஒவ்வொன்றும் 2,500 கன மீட்டர் கொண்ட இரண்டு ஏரேஷன் தொட்டிகள், எம்.எல்.எஸ்.எஸ் என்கிற கசடுச் செறிவு லிட்டருக்கு 3,500 மில்லிகிராம்.

வரும் தீனி: 5,000 கன மீட்டர் × 0.2 கிலோ = நாளுக்கு 1,000 கிலோ பி.ஓ.டி. இரண்டு தொட்டியும் ஓடினால் கசடு மொத்தம் 17,500 கிலோ. அதில் உயிருள்ள பங்கு 70 சதவீதம் என்றால் 12,250 கிலோ. ஒரு கிலோ மந்தைக்கு 0.08 கிலோ தீனி, பட்டினிதான். ஒரு தொட்டியை மட்டும் ஓட்டினால் இது 0.16 ஆகிறது. இந்த வகை நிலையத்துக்கு 0.10 முதல் 0.18 வரை சரியான அளவு. தண்ணீர் தொட்டியில் தங்கும் நேரமும் 12 மணி, போதும். ஆக, ஒரு தொட்டியை நிறுத்திவையுங்கள். மின்கட்டணத்தில் பெரும்பங்கு காற்று ஊதும் புளோயருடையது என்பதால் அங்கேயும் மிச்சம்.

நிறுத்திய தொட்டியைக் காலியாக விடக்கூடாது. தொட்டி அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசரின் ரப்பர் வெயிலில் விறைத்து வெடிக்கும். நிலத்தடி நீர் மேலேறும் மழைக்காலத்தில் காலித் தொட்டியைத் தண்ணீர் கீழிருந்து தூக்கி, தளத்தைப் பிளந்துவிடும். சுத்திகரித்த நீரை டிஃப்யூசருக்கு மேல் ஒரு மீட்டராவது நிறுத்தி, தினம் கொஞ்ச நேரம் காற்று விடுங்கள். கொசுவும் வராது.

சல்லடையும் மணலும்

இரண்டும் அழுக்கு வேலை என்பதால் புதியவர் தலையில்தான் விழும். அலட்சியம் வேண்டாம். கரட்டுச் சல்லடையைத் தாண்டி 6 மில்லிமீட்டர் நுண்சல்லடைக்கு வருவது ஷாம்பூ பாக்கெட், நாப்கின், தலைமுடி, துணிக்கிழிசல். காலை 6 முதல் 9 வரை மணிக்கொருமுறை வாருங்கள், மற்ற நேரம் இரண்டு மணிக்கொருமுறை போதும். சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு சாணை எட்டினால் அடைப்பு முற்றிவிட்டது. அப்போது குப்பை தண்ணீரோடு இடுக்கில் பிதுங்கி உள்ளே போகும், பிறகு பம்ப் இறக்கையில் கயிறாகச் சுற்றும்.

மணல் தொட்டியில் நீரோட்டம் விநாடிக்குச் சுமார் 0.3 மீட்டர் இருக்கும்படி வடிவமைப்பு. எடுத்த மணலைக் கையுறையோடு அள்ளிப் பாருங்கள். கரகரவென்று, அதிகம் நாறாமல் இருந்தால் நல்லது. கொழகொழவென்று நாறினால் ஓட்டம் மெதுவாகி மலமும் சேர்ந்து படிகிறது. நீர்வரத்து குறைந்த நிலையத்தில் இரண்டு வாய்க்காலில் ஒன்றை அடைத்தால் சரியாகும். மணலே வரவில்லை என்றால் மகிழ வேண்டாம். அது ஏரேஷன் தொட்டிக்குள் போய் டிஃப்யூசரை மூடிக்கொண்டிருக்கிறது.

ஒரு லிட்டர் ஜாடி

பி.ஓ.டி சோதனைக்கு நம் முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து மூன்று நாள் ஆகியிருக்கும். அரசு அறிக்கைக்கு அது வேண்டும். நிலையம் ஓட்ட உதவுவது அரை மணி நேரப் படிவுச் சோதனைதான். ஒவ்வொரு ஷிப்டிலும் செய்யுங்கள்.

தொட்டியின் வெளியேறும் முனையில், நுரைக்குக் கீழே வாளியை விட்டு மாதிரி எடுக்க வேண்டும். உள்வாய் ஓரத்தில் எடுத்தால் பச்சைச் சாக்கடை கலந்து பொய் சொல்லும். எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றி, நிழலில், புளோயர் அதிர்வு படாத மேடையில் வையுங்கள். ஜாடி அகலமாக இருந்தால் இன்னும் நல்லது, ஒடுங்கிய ஜாடியில் கசடு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும்.

முதல் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காதீர்கள். நல்ல கசடு முதலில் திரளும், பிறகு போர்வையைப் போல ஒன்றாக இறங்கும், மேலே தெளிந்த நீர் விடும். 30-ஆவது நிமிடத்தில் மட்டத்தைக் குறியுங்கள். 350 மில்லி என்று வைப்போம். 350-ஐ 1,000-ஆல் பெருக்கி எம்.எல்.எஸ்.எஸ் 3,500-ஆல் வகுத்தால் 100. இதுதான் எஸ்.வி.ஐ, அதாவது ஒரு கிராம் கசடு படிந்தபின் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்பது. 80 முதல் 150 வரை கவலையில்லை. 200 தாண்டினால் கசடு சரியாகப் படியாமல் பஞ்சாகிவிட்டது.

ஜாடியை உடனே கொட்டிவிடாமல் இன்னொரு ஒன்றரை மணி நேரம் விடுங்கள். படிந்த கசடு கட்டியாக மேலே மிதந்து வந்தால், அடியில் நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் குமிழி உண்டாகிறது. கிளாரிஃபையரிலும் அதுவே நடக்கும். அங்கே கசடு அதிக நேரம் தங்குகிறது, படிந்த கசடை ஏரேஷன் தொட்டிக்கே அனுப்பும் திரும்பும் கசடுப் பம்பைக் கூட்ட வேண்டும் என்று பொருள்.

900 மில்லியில் நின்றுவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம்: கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கலாம், அல்லது நூலிழைப் பாக்டீரியா பெருகியிருக்கலாம். பாதிக் கசடு நீரும் பாதி வெளியேறும் தெளிந்த நீரும் கலந்து சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பாதிக்கும் நன்றாகக் கீழே இறங்கினால் கசடு அதிகம். பெரிதாகக் குறையாமல் நின்றால் இழைதான். இதைப் பிரித்துப் பார்க்காமல் கசடை எடுக்க ஆரம்பிப்பவர்கள், நோய் ஒன்றுக்கு வேறு மருந்து கொடுக்கிறார்கள்.

நிறத்தையும் வாடையையும் சேர்த்து எழுதுங்கள். நல்ல கசடு சுக்குக் காபி நிறம், மழை நனைத்த மண் வாடை. கறுத்து நாறினால் காற்று பற்றவில்லை.

கசடை எடுப்பது

கசடு எப்படியும் வெளியேறும். வால்வைத் திறந்து நீங்கள் எடுக்கலாம், இல்லையென்றால் கிளாரிஃபையர் விளிம்பைத் தாண்டி அதுவே போகும். களம் நிரம்பிவிட்டது, கசடிலிருந்து நீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பழுது, அதற்கான பாலிமர் தீர்ந்துவிட்டது என்று பத்து நாள் எடுக்காமல் விட்டால் எம்.எல்.எஸ்.எஸ் 6,000, 7,000 என்று ஏறும். அந்த நாட்களில் வெளியேறும் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். பிறகு ஒரு காலை, ஊர் குளிக்கும் நேரத்து வெள்ளத்தில் மொத்தக் கசடும் விளிம்பு தாண்டும்.

எவ்வளவு எடுப்பது? கசடின் வயது, அதாவது அது தொட்டியில் சராசரியாகத் தங்கும் காலம், 15 நாள் என்று குறி வைப்போம். ஒரு தொட்டியில் 8,750 கிலோ. அதை 15-ஆல் வகுத்தால் நாளுக்கு 583 கிலோ. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் 50 கிலோ தானே போகிறது. மீதி 533 கிலோ. திரும்பும் கசடின் செறிவு லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் என்றால், ஒரு கன மீட்டரில் 8 கிலோ. 533-ஐ 8-ஆல் வகுக்க, நாளுக்குச் சுமார் 67 கன மீட்டர்.

இதை ஒரே மூச்சில் எடுக்காமல் ஷிப்டுக்குப் பங்கு போட்டு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பாக்டீரியாவுக்குக் கிடையாது. அளவை மாற்றவேண்டி வந்தால் ஒரு நாளில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல், ஒரு வாரமாவது பொறுத்து விளைவைப் பாருங்கள். புதியவர் செய்யும் பெரிய தவறு, இன்று திறந்து நாளை மூடி நாளை மறுநாள் மறுபடி திறப்பது.

67 கன மீட்டர் தண்ணிக் கசடைக் களத்தில் நேரே கொட்டினால் இடம் தாங்காது. திக்னரில் 2 சதவீதம்வரை கெட்டியாக்கினால் சுமார் 27 கன மீட்டர். 25 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப நாளுக்கு 107 சதுர மீட்டர். கோடையில் 12 நாள் சுற்று என்றால் 1,300 சதுர மீட்டர் களம் தேவை. உங்கள் நிலையத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து பாருங்கள். அரைகுறையாகக் காய்ந்த கசடின்மேல் புதுக் கசடை விட்டால் இரண்டுமே காயாது. காய்ந்ததை வெட்டி எடுக்கும்போது மண்வெட்டியோடு களத்தின் மணலும் போகும், அவ்வப்போது மணல் நிரப்ப வேண்டும்.

காற்று

டி.ஓ எனப்படும் கரைந்த ஆக்சிஜன், தொட்டியின் வெளியேறும் முனையில் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இருந்தால் போதும். 4, 5 என்று வைத்திருப்பது மின்சாரத்தைத் தண்ணீரில் கொட்டுவது. நம் வெயிலில், 30 டிகிரியில், தண்ணீரே 7.5 மில்லிகிராமுக்குமேல் ஆக்சிஜன் பிடிக்காது என்பதால் ஒவ்வொரு மில்லிகிராம் ஏற்றத்துக்கும் செலவு அதிகம். காலை நெரிசலில் இரண்டு புளோயர், பின்னிரவில் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

புளோயரின் அழுத்த மானியைத் தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். 5 மீட்டர் ஆழத் தொட்டிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோ அழுத்தம் தண்ணீருக்கே போய்விடும், குழாய், டிஃப்யூசர் சேர்த்து 0.55, 0.6 வரும். மாதாமாதம் மெல்ல ஏறினால் டிஃப்யூசர் அடைகிறது. திடீரென்று இறங்கினால் எங்கோ உடைந்திருக்கிறது. தொட்டியின் மேற்பரப்பைப் பார்த்தால் இடம் தெரியும்: சிறு குமிழிகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் உலை கொதிப்பது போலப் பொங்கும். புளோயரின் காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டுங்கள், பெல்ட் இறுக்கத்தையும் எண்ணெய் மட்டத்தையும் அதோடு பாருங்கள்.

மின்தடை இரண்டு மூன்று மணி நேரம் வரை கசடு தாங்கும். அதற்குமேல் அழுக ஆரம்பிக்கும். ஜெனரேட்டர் சிறியது என்றால் முதலில் வரவுப் பம்ப், அடுத்து ஒரு புளோயர், பிறகு திரும்பும் கசடுப் பம்ப். கட்டட விளக்கும் ஏ.சி-யும் கடைசியில்.

கிளாரிஃபையரும் குளோரினும்

கிளாரிஃபையரில் அடிக்கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை ஒளி ஊடுருவும் குழாயை மெதுவாக இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கிப் பார்க்கலாம். அரை மீட்டருக்குள் இருக்கட்டும். திரும்பும் கசடின் அளவுக்கும் ஜாடியே வழி காட்டும்: படிவு 350 என்றால் 350-ஐ மீதி 650-ஆல் வகுக்க 0.54. வரும் நீரில் 54 சதவீத அளவுக்குத் திருப்பி அனுப்புங்கள். விளிம்பில் பாசி பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் நீர் வழியும், அந்தப் பக்கம் கசடையும் இழுக்கும். வாரம் இருமுறை தேயுங்கள்.

குளோரின் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால் 5 எம்.எல்.டி-க்கு நாளுக்கு 20 கிலோ. 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவமாக 200 லிட்டர். 30 சதவீத பிளீச்சிங் பவுடராக 67 கிலோ, அதுவும் புது மூட்டையாக இருந்தால்தான். ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த மூட்டையில் வீரியம் பாதிகூட இருக்காது. அரை மணி நேரத் தொடர்புக்குப் பிறகு 0.5 மில்லிகிராம் மீதம் இருக்க வேண்டும். நீர் கலங்கலாக வந்தால் எவ்வளவு குளோரின் போட்டாலும் மீதம் நிற்காது. அப்போது குளோரினைக் கூட்டாமல் கிளாரிஃபையரைப் போய்ப் பாருங்கள். ஹைப்போவையும் அமிலத்தையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அளவுகோல்: 2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த தரப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களுக்குப் பி.ஓ.டி 30, மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமுக்குக் கீழ், மலக் கலப்பைக் காட்டும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லியில் 1,000-க்குக் கீழ், பி.எச் 6.5 முதல் 9. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி 10 என்று இன்னும் இறுக்கிச் சொன்னது. உங்கள் நிலையத்துக்கு எது பொருந்தும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எழுதியிருக்கும். அதன் நகலை ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள்.

நுரை, பஞ்சு, பொட்டு

புதிதாகத் தொடங்கிய தொட்டியில் சோப்பு நுரை போல வெள்ளையாக எழும்பினால் பயம் வேண்டாம். மந்தை இன்னும் சிறிது, இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அதுவரை கசடு எடுக்கக்கூடாது. தொடங்கும்போது டன் கணக்கில் சாணம் கரைப்பது நம்மூர் வழக்கம். சாணம் தீனிதான், விதை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அதன் நார் அடியில் படிந்து தொந்தரவும் தரும். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து ஐந்தாறு டேங்கர் கசடு கொண்டுவந்தால் ஆகும் நாட்கள் பாதியாகக் குறையும்.

கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள பழுப்பு நுரை வேறு கதை. கசடு கிழடாகிவிட்டது, எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. கசடு எடுப்பதைக் கூட்டுங்கள், நுரையை வாரி வெளியே போடுங்கள். தண்ணீர் அடித்து உள்ளேயே தள்ளினால் மறுபடி அதுதான் வளரும். தெளிந்த நீரில் குண்டூசித் தலை போலப் பொட்டுப்பொட்டாக மிதந்தாலும் கிழட்டுக் கசடுதான்.

இழை பெருகிப் பஞ்சான கசடுக்குக் காரணம் மூன்றில் ஒன்று: காற்றுக் குறைவு, தீனிக் குறைவு, வழியிலேயே அழுகி வரும் சாக்கடை. அவசரத்துக்குத் திரும்பும் கசடில் குளோரின் விடலாம், தொட்டியில் உள்ள 1,000 கிலோ கசடுக்கு நாளுக்கு 2 முதல் 3 கிலோவில் தொடங்கி. ஜாடிப் படிவு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு திரும்ப வரும்.

வாசலில் வருவது

செப்டிக் டேங்க் லாரிக்கு நிலையத்தில் தனி இடம், தனித் தொட்டி வேண்டும். அதில் வருவது சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டி. நாளின் மொத்த நீரில் ஒரு சதவீதம், 50 கன மீட்டர், என்று வரம்பு வையுங்கள். நீர்வரத்து குறையும் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுங்கள். வண்டி எண், எங்கிருந்து வருகிறது, எத்தனை லிட்டர் என்று எழுதாமல் குழாயை மாட்ட விடாதீர்கள். ஒரு வாளி பிடித்துப் பாருங்கள். பி.எச் தாள் 6-க்குக் கீழோ 9-க்கு மேலோ காட்டினால், பெட்ரோல் வாடை அடித்தால், நிறம் சிவப்போ நீலமோ என்றால் திருப்பி அனுப்புங்கள்.

சாயப்பட்டறை, சேகோ ஆலை உள்ள ஊரில் அவற்றின் கழிவு இரவில் குழாய் வழியாகவே வரும். பம்ப் குழியில் நேரம் குறித்து மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தால்தான் மறுநாள் பேச முடியும். கல்யாண மண்டபங்களும் ஓட்டல்களும் அனுப்பும் எண்ணெய் முகூர்த்த மாதங்களில் கூடும். எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சுகாதார ஆய்வாளரைத் துணைக்கு அழையுங்கள்.

கடைசியாக மழை. வடகிழக்குப் பருவமழையில் மேன்ஹோல் மூடி வழியாகவும், மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்த வீடுகளிலிருந்தும் தண்ணீர் சேர்ந்து வரத்து இரட்டிப்பாகும். ஐப்பசியில் களமும் காயாது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் களத்தைக் காலி செய்து, எம்.எல்.எஸ்.எஸ்-ஐ 3,500-லிருந்து 3,000-க்கு மெதுவாக இறக்கி வையுங்கள். மழை எச்சரிக்கை வந்த அன்று கிளாரிஃபையர் அடிக்கசடை முடிந்தவரை இழுத்துவிட்டு, இரண்டாவது கிளாரிஃபையரையும் திறந்துகொள்ளுங்கள். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பும் கசடுப் பம்பை அளவுக்குமேல் கூட்டாதீர்கள், கூட்டிய நீர் சுற்றித் திரும்பக் கிளாரிஃபையருக்கே வரும். மழை விட்ட மறுநாள் காலை முதல் வேலை மணல் தொட்டி. ஊர்த் தெருக்களின் மண் முழுக்க அங்கேதான் கிடக்கும்.